குதிரையின் பின்பாதி

எங்கள் கடையில் குதிரை ஒன்றுதான். ஆனால் அதற்குள் போக இரண்டு பேர் வேண்டும். முன்பாதி என் தங்கை, பின்பாதி நான். அவள் ஒல்லி, கழுத்து நீளம், பார்க்க லட்சணமாக இருப்பாள். நான் குட்டை, இடுப்பு பலம், ஒரு தடவை குனிந்தால் யாராவது நிமிர்த்தும்வரை அப்படியே இருப்பேன். உடுப்பைத் தைத்தவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வாலை என் அளவுக்கு வைத்துத் தைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஆளைக் கண்டால் ஆகாது.

வேஷ உடுப்புகளை வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. பள்ளிக்கூட நாடகம், பிறந்தநாள், புதுக் கடைத் திறப்பு என்று யார் வந்து கேட்டாலும் கொடுப்போம். முயல், பூனை, ஆந்தை, பசு எல்லாம் உண்டு. கரடி பாதிதான் உண்டு. அதன் மேல்பாதியை எடுத்துக்கொண்டு போன புண்ணியவான் இன்னும் திரும்பி வரவில்லை. வருகிற உடுப்புகளைத் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, பூச்சி உருண்டை போட்டு மாட்டுவது என் வேலை. முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது தங்கையின் வேலை. சிரிப்பாள், அவ்வளவுதான். வாயைத் திறக்கமாட்டாள். தெரியாதவர்கள் முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வந்தவர் "முயல் இருக்கா" என்று கேட்டால் இவள் சிரிப்பாள். நான் உள்ளேயிருந்து "இருக்கு, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், பரவால்லையா" என்று கத்துவேன். வியாபாரம் நடந்துவிடும்.

குதிரையை மட்டும் தனியாக விடுவதில்லை. அது போனால் நாங்களும் போவோம். உள்ளே நுழைந்ததும் வயிற்றுப் பக்க ஜிப்பை வெளியிலிருந்து யாராவது இழுத்து மூட வேண்டும். மூடிவிட்டால் எனக்கு இருட்டுதான். தெரிவது தங்கையின் இரண்டு குதிகால் மட்டும். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் துணிப்பட்டையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். கிளம்பும் முன் அவள் கேட்பாள்.

"அக்கா, இருக்கியா?"

"எங்க போவேன்."

இதைச் சொன்னால்தான் குதிரை நகரும். ஜிப் வெளியே இருக்கும்போது நான் எங்கே போய்விட முடியும். ஆனாலும் அவள் கேட்பாள், நானும் சொல்வேன்.

ஒரு விசேஷம் என்னவென்றால், குதிரைத் தலையை மாட்டிக்கொண்டால் தங்கை பேசுவாள். காகிதக்கூழில் செய்த தலை அது. உள்ளே இருக்கிற முகம் யாருக்கும் தெரியாது என்கிற தைரியமோ என்னவோ, குழந்தைகளுக்குக் கதை சொல்வாள், பெரியவர்களைக் கிண்டல் செய்வாள். ஒரு செருப்புக்கடைத் திறப்பில் மைக்கைப் பிடுங்கிப் பேசியிருக்கிறாள். தலையைக் கழற்றினால் பழையபடி சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டில் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணம் ஆன கையோடு போனார். அதற்கப்புறம் போனில்தான் குடித்தனம். இவள் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் ஆரம்பநிலை பிரெஞ்சுத் தேர்வில் பாஸ் பண்ண வேண்டும். எழுத வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும். அட்டையில் மிருகத்தைக் காட்டுவார்கள். ஒன்று நின்றால் ஒருமையில் சொல்ல வேண்டும், கூட்டமாக நின்றால் பன்மையில். முதல் தடவை போனவள் பூனை அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒரு பூனை. ஒரே ஒரு பூனையச் சொல்ல முடியலையா உன்னால" என்று மாப்பிள்ளை போனில் கேட்டது பக்கத்தில் பசுவுக்குக் கொம்பு ஒட்டிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அவர் கோபப்படவில்லை. அழுகிற குரலில்தான் கேட்டார். இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதிலும் போனால் ஃபைலை மூடிவிடுவார்கள், அப்புறம் விசா என்பது குதிரைக்கொம்பு.

எனக்கு என்ன என்று நான் இருந்திருக்கலாம். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை. கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். வந்தபோது ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டவள் இவள்தான். இவள் போய்விட்டால் கடையில் நானும் பாதிக் கரடியும்தான் மிச்சம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. கடைக்கு மேலே மாடியில் பிரெஞ்சு சொல்லித் தருகிறவரிடம் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன்.

அவரை முசியே என்று கூப்பிட வேண்டும். சார் என்றால் திரும்பமாட்டார், மாடிப்படியில் வழிகூட விடமாட்டார். எங்கள் கடையைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"படத்தக் காட்டினா மனசுல படம்தாம்மா நிக்கும். மிருகம் வரணும். நீங்க உடுப்ப மேல அனுப்புங்க, உங்க தங்கச்சிக்கு நான் சும்மாவே சொல்லித் தரேன்."

அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் கடை மாடிப்படி ஏறியது. வகுப்பில் ஒரு நர்சு, ஒரு வெல்டர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். நர்சு பூனை, வெல்டர் முயல், போஸ்ட்மாஸ்டர் ஆந்தை. இவருக்கு உடுப்பே வேண்டியதில்லை என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. கடைசிவரை என்னோடு அவர் பேசவில்லை.

அந்த அறை முன்னால் ஒரு தையல்கடையாக இருந்தது. காலி செய்தவர் ஒரு பெரிய மரப் பீரோவை இறக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. எங்களிடம் பசு ஒன்று, ஆந்தை ஒன்று, குதிரை ஒன்று என்று தெரிந்ததும் முசியே பன்மைக்கு என்ன செய்வது என்று தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் பீரோவைத் திறந்தார். குதிரையைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினார்.

"மூடியிருந்தா ஒருமை, தெறந்தா பன்மை. இதவிடத் தெளிவா யாராலயும் சொல்ல முடியாது."

வகுப்பே வாயைப் பிளந்தது. மூடிய பீரோ முன்னால் எல்லோரும் "அன் ஷெவால்" என்றார்கள், ஒரு குதிரை. பீரோ திறந்ததும் "தே ஷெவோ" என்றார்கள், குதிரைகள். ஆந்தைக்கும் அப்படியே, பசுவுக்கும் அப்படியே. என் தங்கைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். குதிரைத் தலைக்குள்ளிருந்து அவள் குரல் மணி மாதிரி வந்தது. முசியே பூரித்துப்போனார்.

எனக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் இருப்பது இருட்டில். பீரோ எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும். கீலுக்கு எண்ணெய் வேறு போட்டு வைத்திருந்தார், சத்தமும் வராது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன நேரத்தில் வேறு வேலை இல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. மிருகத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வருகிறது. "அன்" என்றோ "யூன்" என்றோ வந்தால் ஒன்று. "தே" என்று வந்தால் பல. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், பீரோவே வேண்டாம்.

பன்மைக்கு வாலில் ஒரு எழுத்து சேர்ப்பார்களாம். எழுதும்போது கட்டாயம் இருக்க வேண்டும், படிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று முசியே ஒரு நாள் விளக்கினார். சும்மா நின்றால் போதுமாம், அது இல்லாவிட்டால் தப்பாம். எனக்கு அந்த எழுத்தைச் சட்டென்று பிடித்துப்போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் கடை வாசலில் இரண்டு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தங்கை மேஜையிலிருந்தபடி மெதுவாக, "அன் ஷியேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அன் ஷியேன்."

"ரெண்டு போகுதேடி. சேத்துச் சொல்லு."

அவள் நாய்களைப் பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேலே போய் முசியேவிடம் சொன்னேன்.

"கண்ணாடி இல்லாம அவளுக்குப் பன்மை வர மாட்டேங்குது முசியே."

"அந்த ஊருக்குப் போனா தானா வரும்மா."

"போறதுக்குத்தானே முசியே வரணும்."

அவர் போய்ப் பீரோவின் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

தேர்வு நெருங்கியபோது முசியே ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். உடுப்பு இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து, அவரே எதிரில். தங்கை போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வந்தாள். ஒருமையும் வரவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்து குதிரைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பிடரியைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"குதிரைல போனா சொல்லிடுவேன்க்கா."

"பரீட்சைக்கா?"

"ம்."

பைத்தியக்காரத்தனம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவளாகக் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் தேர்வு மையத்துக்குப் போய் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் முன்னால் தடித்த விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. காதில் பேனா சொருகியிருந்தார்.

"தேர்வர் என்ன கொண்டு வரலாம்னு கேக்கணும்" என்றேன்.

"மூக்குக்கண்ணாடி, காது மெஷின், ஊன்றுகோல், சக்கர நாற்காலி."

"குதிரை?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார்.

"உயிரோடயா?"

"இல்ல, உடுப்பு."

"உடுப்புன்னு முன்னமே சொல்ல வேண்டியதுதானே. உடுப்புக்குத் தடை ஒண்ணும் இல்ல. அடையாளம் பாக்கறப்ப முகம் தெரியணும்."

"வாயத் தெறந்தா உள்ள தெரியும்."

"யாரு வாய?"

"குதிரை வாய."

"சரி. குதிரை ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது.

"அப்ப ஒரு ஹால் டிக்கெட் போதும்" என்று சொல்லி அதில் 'குதிரை உடுப்பில்' என்று சிவப்பு மையில் எழுதி முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னேன். நான் கால் மட்டும்தான். நிற்பேன், நடப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். பரீட்சை அவளுடையது. அவள் தலையை ஆட்டினாள். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று அவள் நினைத்திருப்பாள். நியாயம் பாதிதான். அவள் தோற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆனால் ஜெயிக்கட்டும் என்று மனசார நினைக்கவும் என்னால் முடியவில்லை. அதனால் கால் மட்டும் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

தேர்வன்று முசியே வேன் ஏற்பாடு செய்து கூடவே வந்தார். மையத்தின் வாசலில் எங்களுக்கு ஜிப்பை இழுத்துவிட்டதும் அவர்தான். காவலாளி கையை நீட்டித் தடுத்தது எனக்கு உள்ளே கேட்டது.

"வாகனம் உள்ள வரக் கூடாது."

"இது வாகனம் இல்லப்பா" என்றார் முசியே.

"ஏறிப் போகலாமா?"

"முடியாது. முதுகுல பஞ்சுதான் இருக்கு."

"அப்பச் சரி, போங்க. ஓரமாப் போங்க, தரை இப்பத்தான் தொடச்சிருக்கு."

"அக்கா, இருக்கியா?" என்றாள் தங்கை.

"எங்க போவேன்."

ஓரமாகப் போனோம். நடைவழியில் மற்ற தேர்வர்கள் முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிறுத்தவில்லை. பரீட்சை பயம் வந்துவிட்டால் பக்கத்தில் குதிரை போனாலும் தெரியாது போலிருக்கிறது.

தேர்வறையில் இருந்தது ஒரு வயதான அம்மா என்று குரலில் தெரிந்தது. குதிரையின் வாயைத் திறந்து முகத்தைப் பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து ஓரமாகப் போடும் சத்தம் கேட்டது. "சௌகரியமா நிக்கட்டும்" என்றார். அப்புறம் பிரெஞ்சுதான்.

முதலில் ஒற்றை மிருகங்கள். அட்டை புரளும் சத்தம் வரும், தங்கை பதில் சொல்வாள். "அன் ஷா." பூனை. போன தடவை அவளைக் கவிழ்த்த அதே பூனை. "யூன் வாஷ்." பசு. "அன் இபு." ஆந்தை. தொண்டை நடுங்காமல் சொன்னாள். நடுவில் ஒரு அட்டைக்கு மட்டும், "முவா" என்றாள். முவா என்றால் நான். குதிரை அட்டையைக் காட்டியிருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். தேர்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு இருட்டில் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது.

பிறகு பன்மை. அட்டை புரண்டது. பதில் வரவில்லை.

என் கையிலிருந்த துணிப்பட்டை இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. குதிரைத் தலை சுவரெல்லாம் துழாவுகிறது என்று தெரிந்தது. அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு இந்தத் தடவை உடனே விளங்கியது. பீரோவைத் தேடுகிறாள். இங்கே ஏது பீரோ.

தேர்வாளர் அட்டையைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை வைத்தார். அதற்கும் பதில் இல்லை. பேனாவால் மேஜையைத் தட்டினார். தங்கையின் வலது குதிகால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது. நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிடக் குதிகாலைப் பார்த்ததுதான் அதிகம். அழுகை வந்தால் அவளுக்கு வலது குதிகால் இப்படித் தூக்கிக்கொள்ளும், செருப்புவார் பிய்ந்ததும் இப்படித்தான். அந்த வாரைத் தைத்தது நான். தையல் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

இப்போது நான் சும்மா இருந்தால் போதும். நான் எந்தத் தப்பும் செய்யத் தேவையில்லை. சொன்ன வாக்குப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குக் காலையில் கடை எப்போதும் போலத் திறக்கும், மேஜையில் அவள் இருப்பாள், குதிரை முழுசாக இருக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டியிருந்தது.

அடுத்த அட்டை புரண்டது.

"அக்கா" என்று கிசுகிசுத்தாள். "இருக்கியா?"

அவள் பரீட்சைக்குப் பதில் கேட்கவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேனே. பயந்துபோய் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

"எங்க போவேன்" என்றேன். "என்ன தெரியுது முன்னாடி?"

"அன் ஷெவால்" என்றாள் அழுகிற குரலில். பிறகு இன்னும் மெதுவாக, "அன் ஷெவால்."

நான் வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டு, கடையில் உள்ளேயிருந்து கத்துகிற அதே குரலில் சொன்னேன்.

"தே ஷெவோ."

பேனா தட்டுவது நின்றது. தேர்வாளர் எழுந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. முன்பக்கம் நின்றார். பிறகு பொறுமையாகச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். வாலை இலேசாகத் தூக்கிப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"இப்பச் சொன்னது யாரு?" என்றார் தமிழில்.

"குதிரை" என்றாள் தங்கை.

ஹால் டிக்கெட்டை எடுத்து மறுபடியும் படிக்கிற காகிதச் சத்தம். எனக்கு வேர்த்து ஊற்றியது.

"குதிரைன்னுதான் போட்டிருக்கு" என்றார் அவர் தனக்குத்தானே. "எந்தப் பக்கத்துலருந்துன்னு போடல." கொஞ்சம் யோசித்தார். "பின்பக்கம் கொஞ்சம் கம்மியாக் கேக்குது. சத்தமாச் சொல்லணும்."

நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து குதிரையின் நடுவயிற்றுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். அட்டையை முன்பக்கம் நீட்டுவார், காதைப் பின்பக்கம் வைப்பார். முன்னே அவள் "அன் லாப்பேன், அன் லாப்பேன், அன் லாப்பேன்" என்று முயல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தருவாள். பின்னே நான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "தே லாப்பேன்" என்பேன். அவளுக்கு அட்டை தெரியும், எனக்கு மிருகம் தெரியாது. எனக்குப் பன்மை தெரியும், அவளுக்கு அது வராது. ஆடு, மாடு, கோழி, வாத்து என்று ஒரு பண்ணையே போயிற்று. கடைசியில் வைத்த அட்டையில் ஒரு யானைதான் இருந்திருக்க வேண்டும். அவள் ஒரே தடவை சொல்லிவிட்டு நிறுத்தினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்லாத் தயாரிச்சிட்டு வந்திருக்கு" என்றார் தேர்வாளர், கையெழுத்துப் போட்டபடி. எங்கள் இரண்டு பேரையும் அவர் ஒரு முறைகூடப் பன்மையில் சொல்லவில்லை.

வெளியே வந்து முசியே ஜிப்பைத் திறந்தார். பாஸ் என்று கேட்டதும் தன் முறைக்குக் கிடைத்த வெற்றி என்று காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கை தலையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் ஈரம்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்க்கா."

அவள் போவது எனக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாலில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே, "வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே, என்ன பண்ண" என்றேன்.

விசா வந்தது. அதற்குள் எப்படியாவது கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பன்மையைப் புகட்டிவிட வேண்டும் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். சோறு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன், திட்டினேன், கெஞ்சினேன். நாய்கள் எத்தனை போனாலும் அவளுக்குத் தனித்தனியாகத்தான் போயின. கடைசியில் முடியாமல் ஒரு கைக்கண்ணாடியை வாங்கி, பழைய முயல் உடுப்பின் காதில் சுற்றி, அவள் சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். பாஸ் பண்ணின பிரெஞ்சில் பாதியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். மீதி என்னிடம் தங்கிவிட்டது.

அவள் போன பிறகு முன்மேஜையில் நானே உட்கார்ந்தேன். எனக்குச் சிரிக்க வராது. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இல்லையா" என்றார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

முசியே வந்து குதிரை வேண்டும் என்றார். புது வகுப்பு சேர்ந்திருக்கிறதாம்.

"முன்பக்கம் நீங்க போங்கம்மா. பின்பக்கத்துக்கு வெல்டரச் சொல்றேன்."

"முன்னாடி நான் போக மாட்டேன்."

"அப்ப வெல்டர் முன்னாடி."

"அவனையெல்லாம் முன்னாடி விட முடியாது" என்றேன். வெல்டர் நல்ல பையன்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது அவள் இடம்.

முசியே தாடையைத் தடவினார். பிறகு கடை மூலையில் நின்ற சக்கரம் வைத்த துணி ஸ்டாண்டை மாடி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய், குதிரைத் தலையை அதன் உச்சியில் மாட்டினார். நான் பின்னால் குனிந்து ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜிப் மூடியது. புது ஆட்கள் கைதட்டினார்கள். குதிகால் இருந்த இடத்தில் இரண்டு சக்கரம் தெரிந்தது. ஒன்றில் நூல் சுற்றியிருந்தது.

முசியே பீரோ பக்கம் போகும்போது என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. இருட்டில் தடவி எடுத்தேன்.

"அக்கா, இருக்கியா?"

கிசுகிசுப்பான குரல். பின்னால் யாரோ ஒரு ஆண் பிரெஞ்சில் எரிச்சலாகப் பேசுவது கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்க போவேன்."

"வீட்டு ஓனர் வந்திருக்கார்க்கா. இவர் வேலைக்குப் போயிட்டார். வீட்ல ஒரே தொல்லை, நான் சொன்னா ஒண்ணுதானேன்னு விட்டுட்டுப் போகப் பாக்கறார்."

"கண்ணாடி எங்கடி?"

"வந்து தெறக்கறப்பவே ஒடஞ்சிருந்துச்சு."

"சரி, முன்னாடி என்ன தெரியுது, சொல்லு."

"யூன் சுரி" என்றாள். எலி. "யூன் சுரி. யூன் சுரி. அடுப்புக்குப் பின்னாடி ஒரு யூன் சுரி."

"போன அவர் பக்கம் நீட்டு" என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்தேன்.

"தே சுரி."

வெளியே புது வகுப்பு பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது போலும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று முசியே சொல்லித் தந்த ஒழுங்குப்படி மொத்தப் பேரும் அறை அதிர, "தே சுரி" என்றார்கள். போனில் அந்த ஆண்குரல் சட்டென்று நின்றுபோயிற்று. பிறகு அவசர அவசரமாக என்னவோ சொன்னது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அவர் பயந்துட்டார். இன்னிக்கே ஆள அனுப்பறாராம்." அவள் சிரித்தாள். தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, சத்தமான சிரிப்பு. பிறகு, "நீ எங்கருந்துக்கா பேசற? கெணத்துக்குள்ளருந்து வர மாதிரி இருக்கு" என்றாள்.

"குதிரைலருந்துதான்."

"முன்னாடி யாரு?"

"யாரும் இல்ல. துணி ஸ்டாண்டு."

அவள் சிரிக்கவில்லை. வெளியே முசியே குதிரையைக் கண்ணாடிக்கு நேராக வரச் சொல்லிக் கையைத் தட்டினார். எங்கே இருக்கிறது கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்புவது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு நாளும் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்தானே நான்.

"மூடி வெச்சிருக்காரா, தெறந்துட்டாரா?" என்றாள் தங்கை.

"எனக்கெப்படிடி தெரியும்."

"ஜன்னல் பக்கம் வெக்கை அடிக்குதா?"

"வலது தோள்ல அடிக்குது."

"அப்ப நேரா நாலு எட்டு, அப்புறம் இடது பக்கம்" என்றாள். "நடக்கா. நான் முன்னாடி இருக்கேன்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.